மாமன் மடி என்றொரு நாற்காலி

ஒரு பொருளை வடிவமைக்கிறவன் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, ‘இது யாருக்கு, எதற்கு?’ என்பது. கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ‘இதற்குள் மாட்டிக்கொண்டால் எப்படி வெளியே வருவது?’ என்ற இரண்டாவது கேள்வியை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதை நானாகவே, ஒரு தை மாத முகூர்த்த நாளில், கீழ்புத்துப்பட்டில், பந்தலுக்கு நடுவே ஊர் பார்க்க உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

இதை நானே எழுதிவிடுவது நல்லது. நான் எழுதாவிட்டாலும் அக்காவின் மாமியார் சொல்லிவிடுவார். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் காபி வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். பெண்ணின் தம்பி தினேஷ் கபடி ஆட்டக்காரன், ஆள் பார்க்க அரிசி மூட்டையை நிமிர்த்தி வைத்த மாதிரி இருப்பான். அவன் சிரித்த சிரிப்பில் பஜ்ஜி புரையேறி, நாலு பேர் முதுகில் தட்ட வேண்டியதாகிவிட்டது. (அப்படியும் பெண் கொடுத்தார்கள். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார்கள்.)

எங்கள் வீடு மரக்காணத்தில். அப்பா உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர். நான் பொருள் வடிவமைப்பு படித்துவிட்டுச் சென்னையில் ஒரு நிறுவனத்தில் கான்செப்ட் டிசைனராகச் சேர்ந்தேன். கான்செப்ட் டிசைன் என்றால், இதுவரை உலகத்தில் இல்லாத நாற்காலி, மேசை, அலமாரி, விளக்கு ஆகியவற்றை யோசித்துக் கம்ப்யூட்டரில் அழகாக வரைவது. அவற்றில் பெரும்பாலானவை அதற்குப் பிறகும் உலகத்தில் இருக்காது.

இதை அப்பாவுக்குப் புரியவைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க முயன்றேன்.

“இதப் பாருங்கப்பா. சின்ன வீட்டுக்குன்னே பண்ண படுக்கை. காலையில எழுந்தா சுருட்டி மூலையில நிறுத்திடலாம்.”

“பாய்” என்றார் அப்பா.

“சரி, இது. காலே இல்லாத இருக்கை. எங்க வேணும்னாலும் தூக்கிட்டுப் போயி உக்காரலாம்.”

“மணை.”

“இது குழந்தைக்கு. உத்தரத்துல துணியக் கட்டித் தொங்க விட்டு...”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஏம்பா, இதெல்லாம் செஞ்சி விப்பாங்களா?”

“இல்லப்பா, இப்போதைக்கு வெறும் கான்செப்ட்தான்.”

“அப்ப சம்பளம்?”

“அது நெஜமாவே தர்றாங்கப்பா.”

“அப்ப சரி” என்று எழுந்து போய்விட்டார். செருப்பைத் தேடினார். கிடைக்கவில்லை. வாசலில் நான் வடிவமைத்துப் பொருத்தியிருந்த, பார்த்தால் சுவர் போலவே தெரியும் செருப்பு அலமாரிக்குள் அது இருந்தது. அந்த அலமாரியை எப்படித் திறப்பது என்று எங்கள் வீட்டில் இன்றுவரை எனக்கு மட்டும்தான் தெரியும். அன்று அவர் அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்வந்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தேவகி அக்காவை கீழ்புத்துப்பட்டில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் மகள் யாழினிக்கு அப்போது மூன்று வயது. காது குத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அப்பா, சித்தப்பா, கலெக்டர், யாராக இருந்தாலும் அந்த வேலைக்கு ஆகமாட்டார்கள். தாய்மாமன் நான் ஒருவன்தான்.

எனக்கோ ஊசி ஆகாது.

ஆகாது என்றால் பயம், தயக்கம் என்கிற அளவில் இல்லை. பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்தபோது, ஊசி பக்கத்து வகுப்பில் இருக்கும்போதே என் வகுப்பில் நான் விழுந்தவன். ஒருமுறை தையல்காரர் கடையில், அவர் பல்லிடுக்கில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு அளவெடுக்கக் குனிந்தார். எழுந்து பார்த்தபோது எனக்குச் சோடா வாங்கி வைத்திருந்தார்கள். இப்படிப்பட்டவன் மடியில் ஒரு குழந்தையை உட்காரவைத்து, அதன் காதில், என் மூக்குக்கு அரையடி தூரத்தில் ஊசியை ஏற்றினால் என்ன ஆகும்? நான் விழுவேன். குழந்தையோடு விழுவேன். காதில் ஊசியோடு குழந்தை விழும். இந்தக் காட்சி எனக்கு அடிக்கடி வந்துகொண்டிருந்தது.

குழந்தைக்கு முதல் மொட்டை அடித்தபோது கல்லூரியில் இறுதித் தேர்வு என்று சொல்லி நான் போகவில்லை. (தேர்வு உண்மை. கேட்டிருந்தால் விட்டிருப்பார்கள் என்பதும் உண்மை. கத்தியும் ஊசிக்குச் சொந்தம்தானே!) அன்று ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் மடியில் உட்காரவைத்து ஒப்பேற்றினார்கள். அதிலிருந்து அக்காவின் மாமியார் அஞ்சலாட்சி அத்தை, விருந்தாளி யார் வந்தாலும் ஒருமுறை சொல்லிவிடுவாராம்: “எம் பேத்திக்குக் கூடப் பொறந்த மாமன் இருக்கறான். மடிதான் இல்ல.”

அக்கா போனில் இதைச் சொல்லும்போது அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. “இந்த தடவ நீ வர்ற. ஒக்கார்ற. அவ்ளோதான் எனக்கு வேணும். சீரு செனத்தி எதுவும் வாணாம். ரெண்டு நிமிஷம் உன் மடியக் குடு” என்றாள்.

“வர்றேங்க்கா” என்றேன்.

சொல்லிவிட்டு, ஒரு சராசரித் தாய்மாமன் என்ன செய்வானோ அதைச் செய்யாமல், ஒரு கான்செப்ட் டிசைனர் செய்வதைச் செய்தேன். லேப்டாப்பைத் திறந்து ‘மாமன் மடி’ என்று ஒரு ஃபோல்டர் போட்டேன்.

யோசித்துப் பார்த்தால், மடி என்பது என்ன? குறிப்பிட்ட உயரத்தில், குறிப்பிட்ட சாய்வில், மெத்தென்று இருக்கிற ஒரு பரப்பு. கூடவே, குழந்தை நழுவாமல் அணைத்துப் பிடிக்க இரண்டு கைகள். இதற்கு ரத்தமும் சதையும் மயங்கி விழும் மூளையும் உள்ள மாமன் எதற்கு? (இந்த வரியை அப்போது நோட்டில் எழுதி அடிக்கோடு வேறு போட்டேன்.)

படம் தயாரானது. ஆள் அளவுக்கு ஒரு நாற்காலி. முன்பக்கம் நுரைமெத்தையில் செய்த இரண்டு தொடைகள், அவற்றுக்கு ஜரிகைக்கரை வேட்டி உறை. இரண்டு பக்கமும் பஞ்சு வைத்த இரும்புக் கைகள். எடை விழுந்ததும் கைகள் தானாக மடங்கி வயிற்றருகே ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு நெம்புகோல், அதை இழுத்தால் திறக்கும். குழந்தை அழுதால்? அதற்கும் வழி வைத்திருந்தேன். முதுகுப் பக்கம் ஒரு சின்ன மைக். அழுகைச் சத்தம் கேட்டால் நாற்காலி தொட்டில் மாதிரி இப்படியும் அப்படியும் மெல்லத் திரும்பும், மேலே பொருத்திய டப்பாவிலிருந்து சோப்புக் குமிழிகள் பறக்கும். அழுகை எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகம், அவ்வளவு குமிழி. குழந்தை அழுகையை மறந்து குமிழியைப் பார்க்கும், அந்த நேரத்தில் காது குத்தி முடிந்துவிடும். நான் பக்கத்தில் கைகட்டிக்கொண்டு, வேறு பக்கம் பார்த்தபடி, சிரித்த முகமாக நிற்பேன்.

கட்டிக்கொடுத்தவன் செல்வம். பள்ளித் தோழன், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கிரில் கேட் செய்யும் பட்டறை வைத்திருந்தான். படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தான்.

“மச்சான், கேட்டுன்னா ஆளு வெளிய வரணும். சேருன்னா ஆளு ஒக்காரணும். இதுல ஆளு இன்னாடா பண்ணுவான்?”

“நீ செய்டா, நான் சொல்றேன்.”

நன்றாகவே செய்தான். திருப்புவதற்கு ஒரு பழைய வேனின் வைப்பர் மோட்டாரைப் பொருத்தினான். பைக் பேட்டரி கொடுத்தான். கடைசியில் பிரைமர் டப்பாவைக் கையில் எடுத்தபோது நான் தடுத்தேன்.

“பெயின்ட் வேணாம்டா. ரா ஃபினிஷ். இரும்பு இரும்பாவே தெரியணும். இப்ப உலகம் பூரா இதுதான் டிரெண்டு.”

செல்வம் என்னை ஏற இறங்கப் பார்த்தான். “டேய், இது மரக்காணம்டா” என்றான்.

எங்கள் ஊரில் இரும்பு என்பது தற்காலிகமான பொருள். உப்புக்காற்று எதையும் விடாது. ஜன்னல் கம்பிக்கு வருஷம் தவறாமல் பெயின்ட் அடிப்பார்கள், பீரோவுக்குத் துணி போர்த்துவார்கள், புது சைக்கிள் வாங்கியவன் முதல் வேலையாகத் தேங்காய் எண்ணெய் பூசுவான். இது இங்கே பிறந்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. நானும் இங்கே பிறந்த பிள்ளைதான். ஆனால் வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் பார்த்துப் பார்த்து, நம் ஊர்க் காற்றும் அந்தப் படங்களில் உள்ள காற்று மாதிரிதான் அடிக்கும் என்று நம்பத் தொடங்கியிருந்தேன்.

சோதனை செய்தோம். யாழினிக்குப் பதிலாக ஒரு பெரிய பூசணிக்காயை உட்காரவைத்தோம். ‘டக்’. பூட்டிக்கொண்டது. நெம்புகோலை இழுத்தேன், வெண்ணெய் மாதிரி திறந்தது. செல்வம் பூசணிக்காய் சார்பில் அழுது காட்டினான். நாற்காலி மெல்லத் திரும்பியது, குமிழிகள் பறந்தன. எனக்கு அந்த நேரத்தில் கண்கலங்கிவிட்டது. நான் வரைந்ததிலேயே முதல்முறையாக ஒன்று காகிதத்தை விட்டு வெளியே வந்து அசைந்தது.

விழாவுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. யாருக்கும் தெரியாமல் வைத்து, அன்று எல்லோரையும் அசத்த வேண்டும் என்று ஆசை. வீட்டில் வைத்தால் அம்மா அக்காவுக்குப் போன் போட்டுவிடுவாள். பட்டறையில் வைத்தால் செல்வத்தின் வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். அப்போது மழை இன்னும் முழுசாக விடாத சமயம், அளத்தில் வேலை கிடையாது, அப்பா அந்தப் பக்கமே போவதில்லை. அளத்தோரத்தில் எங்கள் கொட்டகை பூட்டிக் கிடந்தது. சாவியை எடுத்துக்கொண்டுபோய் நாற்காலியை அங்கே வைத்தேன்.

தரை ஈரமாக இருந்தது. அதனால் பொறுப்பாக, போன பருவத்தில் விற்காமல் மிஞ்சிய மூட்டைகளை அடுக்கி, அவற்றின் மேலே ஏற்றி வைத்தேன். தூசு படக்கூடாது என்று காலிச் சாக்குகளால் நன்றாகப் போர்த்தினேன்.

அது உப்புக் கொட்டகை. அவை உப்பு மூட்டைகள். போர்த்தியவை உப்புச் சாக்குகள். உப்பு விற்ற காசில் படித்த பிள்ளை நான். இன்றைக்கும் அப்பா மற்ற எல்லாவற்றையும் மன்னித்துவிட்டார், இதை மட்டும் மன்னிக்கவில்லை.

விழா நாள் காலையில் செல்வமும் நானும் குட்டியானை வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனோம். சாக்கை எடுத்தபோது நாற்காலி இளஞ்சிவப்பாக, அங்கங்கே செம்மண் நிறமாக இருந்தது. எனக்கு அது அழகாகவே பட்டது. “பாத்தியா, நேச்சுரல் ஷேடு” என்றேன். செல்வம் சோப்புத் தண்ணீரை ஊற்றி, பேட்டரியை மாட்டினான். நெம்புகோலைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அப்பாவிடமிருந்து போன். தட்டு வரிசை எல்லாம் கிளம்பிவிட்டதாம், எமகண்டத்துக்கு முன்னால் காது குத்தியாக வேண்டுமாம். ஏற்றிக்கொண்டு பறந்தோம்.

பந்தலில் பெட்ஷீட் போர்த்திய நாற்காலியை நாலு பேர் இறக்கியபோது கூட்டம் எழுந்து நின்று பார்த்தது. “பிரிட்ஜா?” என்றது ஒரு குரல். “பீரோ மாதிரி இருக்குது” என்றது இன்னொன்று. நான் பெட்ஷீட்டை விலக்கியதும் எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பிறகு முன்வரிசைப் பெரியவர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

“யாருக்குப்பா உடம்பு சரியில்ல?”

அக்கா வேகமாக வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, முகத்தில் காலையிலிருந்து சேர்த்துவைத்த சந்தோஷம். நாற்காலியைப் பார்த்தாள். நுரைமெத்தைத் தொடைகளைப் பார்த்தாள். வேட்டிக்கரையைப் பார்த்தாள். அவளுக்கு என்னை நன்றாகத் தெரியும், யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“உன் மடியக் கேட்டேன்டா” என்றாள் தாழ்ந்த குரலில். “ரெண்டு வருஷமா நான் கேட்டுக்கினு இருக்கற பேச்சு உனக்குத் தெரியுமா? மாமன் வாடான்னா மெஷின் கொண்டாந்து எறக்கற.”

“அக்கா, இது சேஃப்டிக்கா. நான் மயங்கி விழுந்து பாப்பாவுக்கு ஏதாவது...”

“விழு. விழுந்தா புடிச்சுக்க இத்தினி பேரு இருக்கறாங்க.”

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அப்போதே நாற்காலியை வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்க வேண்டும். அதற்குள் அஞ்சலாட்சி அத்தை வந்துவிட்டார். நாற்காலியை ஒருமுறை சுற்றி வந்தார். ஒரு நுரைத்தொடையைக் கிள்ளிப் பார்த்தார்.

“ஏம்பா, மாமனுக்குப் பதிலா மரப்பாச்சி மாமனா? உள்ள இருக்கற இரும்பு எம் பேத்தியக் கடிச்சி வெச்சுதுன்னா?”

ஊரே சிரித்தது. மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் படித்த படிப்பும் வாங்கிய பட்டமும் அந்தச் சிரிப்பில் கரைந்துகொண்டிருந்தன. அக்காவுக்காகவாவது மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே என்று ஒரு வேகம்.

“கடிக்காதுங்க அத்தை. இப்பப் பாருங்க” என்று சொல்லி, நாற்காலியில் நானே உட்கார்ந்தேன்.

‘டக்.’

அப்போது எனக்கு இடுப்பு என்று சொல்லிக்கொள்ளத்தக்க ஒன்று இருந்தது. கைகள் வயிற்றைச் சுற்றி அம்சமாகப் பூட்டிக்கொண்டன. “பாத்தீங்களா, எவ்ளோ மெத்துன்னு இருக்குது! இப்ப இந்த லிவர இழுத்தா...” இழுத்தேன். அசையவில்லை. சிரித்தபடி மறுபடி இழுத்தேன். சிரிக்காமல் மறுபடி இழுத்தேன். இரண்டு கையாலும் இழுத்தேன். கைப்பிடி தனியாக என் கையோடு வந்துவிட்டது. உடைந்த இடத்தில் துரு பொடிப்பொடியாக உதிர்ந்தது.

செல்வம் என் காதருகே குனிந்தான். “காலையிலயே சொல்ல வந்தேன் மச்சான். உள்ள ஸ்பிரிங்கு பூரா உப்பு புடிச்சிப்போச்சு.”

“அறுத்து எடுடா.”

“பிளேடு பட்டறையிலடா இருக்குது.”

இந்த நேரம் பார்த்துக் குழந்தையை அழைத்துவரச் சொன்னார்கள். குழந்தையைக் காணோம். காது குத்த வந்திருந்த பத்தர் தன் சின்னப் பெட்டியைத் திறந்து, தங்கக் கம்பியைத் துடைத்ததை யாழினி பார்த்துவிட்டாள். நேராகச் சமையல் பக்கம் ஓடி, மேசைக்கு அடியில் புகுந்து, அண்டாவைக் கட்டிக்கொண்டாள். அவள் அப்பா கூப்பிட்டார், அம்மா கூப்பிட்டாள், சாக்லேட் கூப்பிட்டது. வரவில்லை. அழுகைச் சத்தம் மட்டும் வந்தது. எமகண்டம் நெருங்குகிறது என்று யாரோ கைக்கடிகாரத்தைக் காட்டினார்கள். அக்கா மேசையருகே மண்டியிட்டிருந்தாள். எழுந்து போய் உதவலாம் என்றால், நான் எழுந்தால் நாற்காலியும் எழும்.

மேளக்காரர்கள், சும்மா இருப்பானேன் என்று நினைத்தோ என்னவோ, வாசிக்கத் தொடங்கினார்கள்.

நாற்காலியின் மைக்கைப் பற்றி முன்பே சொன்னேன். அழுகை எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகம். தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து பத்தடி தூரத்தில் முழங்கினால், அந்த மைக்கின் கணக்குப்படி உலகத்திலேயே மிகப் பெரிய குழந்தை ஒன்று அழுகிறது என்று அர்த்தம். நாற்காலி ஒரு உலுக்கு உலுக்கியது. பிறகு நான் இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று, கனமழையில் வைப்பர் போகும் வேகத்தில் போய்வரத் தொடங்கினேன். தலைக்கு மேலே டப்பா பொங்கியது. குமிழிகள் கூட்டங்கூட்டமாகக் கிளம்பி, கடல் பக்கமிருந்து வந்த காற்றில் பந்தல் முழுக்கப் பரவின. அத்தையின் மூக்குத்தியில் ஒன்று உடைந்தது. நாதஸ்வரக்காரர் ஒன்றை உள்ளே இழுத்துவிட்டு இருமினார். தட்டு வரிசையின் ஜாங்கிரி மேல் மழை மாதிரி இறங்கின.

“மேளத்த நிறுத்துங்க!” என்று நான் இடப்பக்கம் போகும்போது கத்தினேன்.

“நல்ல காரியத்துல மேளம் நிக்கக் கூடாது” என்று அத்தை சொன்னது வலப்பக்கம் வரும்போது கேட்டது.

செல்வம் மோட்டார் வயரைப் பிடுங்கினான். ஆட்டம் நின்றது. குமிழிக்குத் தனி பேட்டரி, அது நிற்கவில்லை.

அப்போது மேசைக்கு அடியிலிருந்து ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. ஒரு குமிழி அவள் முன்னால் வந்து நின்று உடைந்தது. அவள் வெளியே வந்தாள். அடுத்த குமிழியைத் துரத்தினாள், அதற்கடுத்ததையும். இப்படியே துரத்திக்கொண்டு, குமிழிகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்து, நேராக என்னிடம் வந்து சேர்ந்தாள். வயிற்றுக்குக் கீழே என் தொடைகள் மட்டும்தான் காலியாக இருந்தன. முட்டியைப் பிடித்து ஏறி, திரும்பி, சௌகரியமாக உட்கார்ந்துகொண்டாள்.

பத்தர் அனுபவசாலி. இந்த வாய்ப்பை விட்டால் வராது என்று தெரிந்து, பெட்டியோடு ஓசையில்லாமல் வந்து பக்கத்தில் குந்தினார். “அப்படியே இருங்க தம்பி, அசையாதீங்க” என்றார்.

அசைய எனக்கு வழியும் இல்லை.

யாழினியின் தலை என் நெஞ்சில் சாய்ந்திருந்தது. பவுடரும் சந்தனமும் கலந்த வாசனை. ஒரு கையால் குமிழியை எட்டினாள், இன்னொரு கையால் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு சின்னக் கை. இதைத் தவிர்க்கவா இத்தனை இரும்பை வளைத்தேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது, கூடவே சொல்லத் தெரியாத ஒரு சந்தோஷமும். அக்கா எதிரே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று ஒருநாள் மட்டும் விழாமல் இருந்துவிட வேண்டும் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டேன்.

“கெட்டிமேளம்!” என்றார் யாரோ.

தவில் இடித்தது, டப்பா பீறிட்டது, வலது காதில் கம்பி இறங்கியது. அதை நான் பார்த்தேன். நானேதான் பார்த்தேன், இதற்குச் சாட்சி உண்டு. யாழினி ‘ஆ’வென்று கத்தி உதட்டைப் பிதுக்கினாள். காதின் மேல் ஒரு துளி சிவப்பு. பத்தர் இடது காதுக்காக இந்தப் பக்கம் வந்தார். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

மற்றதை எல்லாம் பிறர் சொல்லித்தான் கேட்டேன். என் கண் செருகியதாம், தலை பின்னால் சாய்ந்ததாம். ஆனால் உடம்பு விழவில்லை. இரும்புக் கைகள் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தன. மடி இருந்த இடத்தில் இருந்தபடியே இருந்தது. யாழினி பெரிய அழுகைக்கு மூச்சு இழுத்தவள், நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்திருக்கிறாள். அப்படியே நிறுத்திவிட்டாள். விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, மேளக்காரர்களைப் பார்த்து, “ஷ்ஷ்... மாமா தூங்குது” என்றாளாம்.

மேளம் நின்றுவிட்டது. நல்ல காரியத்தில் மேளம் நிற்கக் கூடாது என்று சொன்ன அத்தையே கையைக் காட்டி நிறுத்தினாராம். பத்தர் சத்தமே இல்லாமல் இடது காதைக் குத்தினார். குழந்தைக்குக் கண்ணில் நீர் கொட்டியது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. மாமா முழித்துக்கொள்ளுமாம்.

நான் கண் திறந்தபோது முகத்தில் தண்ணீர். அக்கா தன் பட்டுப்புடவைத் தலைப்பால் என்னைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யாழினி இன்னும் மடியில்தான் இருந்தாள், இரண்டு காதிலும் தங்கம்.

“விழுந்துட்டேனாக்கா?”

“இல்லடா” என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. “மடி அசையலடா. அது போதும் எனக்கு.”

அஞ்சலாட்சி அத்தை கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். இரண்டு வருஷமாகச் சொல்லிவந்த வசனத்தை அந்த நிமிஷத்திலிருந்து மாற்றிக்கொண்டார். “மயக்கம் போட்டாலும் மடிய உடலப்பா எம் மருமவளோட தம்பி! யாரு மாமன் இந்த மாதிரி ஒக்காருவான்?”

செல்வம் பட்டறைக்குப் போய் பிளேடு எடுத்துவரும்வரை நான் அங்கேயேதான் இருந்தேன். விழா என்னைச் சுற்றி நடந்தது. மணமேடையில் பெண்ணோடு நிற்பதுபோல ஒவ்வொரு குடும்பமாக என் இரண்டு பக்கமும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இலையை என் மடியிலேயே விரித்துப் பரிமாறினார்கள், ஜாங்கிரியில் லேசாகச் சோப்பு வாசனை. அப்பா மட்டும் கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக வந்தார். கைப்பிடி உடைந்த இடத்தை விரலால் தடவி, அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“நம்ம அளத்து உப்பு” என்றார்.

நான் மயங்கியிருந்தபோது யாரோ எடுத்த படம் அக்கா வீட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறது. இரும்புக்குள் வாய் பிளந்த நிலையில் நான், மடியில் உதட்டில் விரலோடு யாழினி, சுற்றிலும் குமிழிகள். யாழினி இப்போது உயர்நிலைப் பள்ளி. வீட்டுக்கு வரும் தோழிகளிடம், “எங்க மாமா தூங்கற போட்டோ” என்று காட்டுகிறாள்.

நாற்காலியைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. செல்வம் புது ஸ்பிரிங் போட்டு, நாலு கோட்டிங் பெயின்ட் அடித்து, பட்டறை வாசலில் வைத்தான். கொஞ்ச நாளில் ஒரு ஆள் வந்து தயங்கித் தயங்கி, தங்கச்சி பிள்ளைக்குக் காது குத்து என்று கேட்டு வாங்கிப் போனாராம். பிறகு பெரிய முதலியார்சாவடியிலிருந்து ஒருவர். குழந்தையை உட்காரவைக்கக் கேட்டு வருகிறவர் யாரும் இல்லை. எல்லோரும் தாங்களே உட்காரக் கேட்கும் தாய்மாமன்கள். இந்தக் கடற்கரை முழுக்க, மீசை வைத்துக்கொண்டு ஊசிக்குப் பயப்படுகிற மாமன்கள் இத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. நான் வரைந்ததில் இன்றுவரை மக்கள் பயன்படுத்துகிற பொருள் அது ஒன்றுதான், அதுவும் நான் யோசித்ததற்கு நேர்மாறாக.

போன மாதம் என் மகனுக்குக் காது குத்த நாள் பார்த்தோம். மாமன் தினேஷ், பஜ்ஜி புரையேறிய அதே கபடி ஆட்டக்காரன். பத்திரிகை கொடுக்கப் போன அன்று வாசல்வரை என்னோடு வந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். என் தோளில் கைபோட்டு, குரலைத் தாழ்த்தினான்.

“மாமா, அந்த சேரு... இப்ப சும்மாதான இருக்குது?”